சாட்சி சொன்ன சாக்லேட்

காணாமல் போனது மூன்று சின்னக் கண்ணாடிக் குப்பிகள். மூன்றையும் என் சட்டைப் பையில் போட்டாலும் பை நிறையாது. அதற்காக டாக்டர் முபிட்டா, கம்வாலா சந்தையை ஓடியே கடந்து வந்து, எங்கள் அலுவலக மாடிப்படியில் தடுக்கி விழுந்து, மூக்குக் கண்ணாடியை விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டு மேலே வந்து நின்றார்.

"துப்பறியற கதோங்கோ அம்மா நீங்கதானா?" என்று என்னிடம் கேட்டார்.

நான் ஆறடி உயரம், மீசை வேறு. கண்ணாடி இல்லாத மனிதரைக் குறை சொல்லக் கூடாது.

"நான் ஜெரே. அவங்களுக்கு உதவியாள். மூளை வேணும்னா ஜன்னல் பக்கம் பாருங்க டாக்டர். அழகு வேணும்னா இப்படியே நில்லுங்க."

ஜன்னல் பக்கம் கதோங்கோ மேடம் காகிதப் பொட்டலத்திலிருந்து வறுத்த புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். மேலதிகாரியின் மச்சானையே கைது செய்த பிறகு, தலைநகர் லுசாக்காவில் தனியாகத் துப்பறிவதுதான் உடம்புக்கு நல்லது என்று முடிவு செய்தவர்.

"அவனை விடுங்க டாக்டர்," என்றார். "ங்கோனிக்காரன். காலையில எலி கிடைக்கலேன்னா இப்படித்தான் உளறுவான்."

"எலி நாலு கால்ல ஓடும் மேடம். அதைப் பிடிக்க வீரம் வேணும். இலையில தூங்கற புழுவைப் பொறுக்க என்ன வேணும்?"

டாக்டர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். அவர் மேற்குப் பக்கத்து லோசிக்காரர். பெம்பா இனத்துக்கும் ங்கோனி இனத்துக்கும் கேலிமுறை, அதாவது ஒருவரை ஒருவர் கேலி பேசும் உரிமை உண்டு என்பது அவருக்கும் தெரிந்ததுதான். எங்கள் முப்பாட்டன்கள் ஈட்டியால் குத்திக்கொண்டு ஓய்ந்தார்கள். பேரப்பிள்ளைகள் நாங்கள் அந்தப் பாக்கியை வாயால் தீர்த்துக்கொள்கிறோம். பெம்பாக்காரரான மேடத்தை நான் குரங்கு தின்னி என்பேன், அவர் என்னை எலி தின்னி என்பார், இதில் எவருக்குக் கோபம் வருகிறதோ அவர்தான் மரியாதை தெரியாதவர். ஆனால் டாக்டருக்கு அன்றைக்குச் சிரிப்பு வருகிற நிலைமை இல்லை.

"சொல்லுங்க," என்று மேடம் பொட்டலத்தை மடித்து வைத்தார்.

முபிட்டா, ஆஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவின் தலைமை டாக்டர். அங்கே பூப்பே என்று ஒரு பெண் படுத்திருக்கிறாள். சந்தையில் விதும்புவா என்ற எண்ணெய்ப் பணியாரம் சுட்டு விற்கிறவள். கரண்ட் இல்லாத ஒரு மாலை, இருட்டில் யாரோ கரி அடுப்பைத் தட்டிவிட, எண்ணெய்ச் சட்டி சரிந்து மார்பும் ஒரு கையும் வெந்துபோயின.

"காயத்தை ஆத்திடுவேன்," என்றார் டாக்டர். "ஆனா காயத்துக்குள்ள சூடோமோனாஸ்னு ஒரு கிருமி குடியேறிடுச்சு. எங்ககிட்ட இருக்கிற அத்தனை ஆன்டிபயாட்டிக்கும் குடுத்தாச்சு. ஒவ்வொண்ணையும் டீ குடிக்கிற மாதிரி குடிச்சுட்டுச் சும்மா உக்காந்திருக்கு."

"அதுக்குத்தான் அந்த மூணு குப்பியா?"

"அது வேற வகை. ஆன்டிபாடி. நம்ம உடம்பு தானா செய்யற சரக்குதான். ஆனா இதை ஆய்வுக்கூடத்துல, இந்த ஒரு கிருமிக்குன்னே செஞ்சிருக்காங்க. தேடிப் போய்க் கிருமியைக் கட்டிப் பிடிச்சுக்கும். விஷத்தைக் கக்க விடாது. அப்புறம் உடம்போட சொந்தக் காவல்காரங்க வந்து மிச்சத்தைப் பாத்துக்குவாங்க."

"அட, நம்ம தொழில்," என்றேன். "பிடிச்சுக் குடுக்கறது நாம. அடிக்கறது போலீஸ்."

டாக்டர் முதல் தடவையாக என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார். அதற்குள் நான் கீழே போய்க் கண்ணாடியை எடுத்து வந்திருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

"இன்னும் பரிசோதனையில இருக்கிற மருந்து. பூப்பேக்குன்னு கெஞ்சிக் கூத்தாடி வரவழைச்சது. இன்னிக்குக் காலையில ஏத்தலாம்னு போனா, ஃப்ரிட்ஜ்ல குப்பி வெச்ச பெட்டி இல்ல. போலீஸ்ல மனு எழுதிக் குடுத்துட்டுப் போகச் சொல்றாங்க."

"இன்னொரு தடவை வரவழைக்க?"

"வாரக்கணக்கு ஆகும். கிருமி ரத்தத்துல இறங்க ஆரம்பிச்சாச்சு. இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஏத்தினா அவ பொழைப்பா. நாளைக்கு அந்தப் பெட்டி கிடைச்சா நீங்களே வெச்சுக்கலாம்."

மேடம் கார்ச் சாவியை எடுத்தார்.

எங்கள் ஊருக்கு அக்டோபர்தான் உச்சக் கோடை; அந்த வெயிலில் எங்கள் பழைய டொயோட்டா அடுப்பு மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவில் நுழைந்ததும் நான் மூக்கை உறிஞ்சினேன்.

"யாரோ திராட்சை சாப்பிடறாங்க."

"அது திராட்சை இல்ல தம்பி," என்றார் உள்ளேயிருந்து வந்த ஒரு நர்ஸ். "அந்தக் கிருமியோட வாசனை."

கொசுவலைக்குப் பின்னால் பூப்பே கிடந்தாள். கட்டுத் துணியில் பச்சை படர்ந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தும் யாரையும் பார்க்கவில்லை. அவள் கணவன் ராய்ட், மினிபஸ் ஓட்டுகிறவன், ஒரு அட்டையை வைத்து அவளுக்கு விசிறிக்கொண்டே இருந்தான். எங்களைக் கண்டதும் எழுந்தான்.

"நீங்கதான் கண்டுபிடிக்க வந்தவங்களா?"

"ஆமா," என்றார் மேடம்.

"கிடைச்சிடும்ல?"

மேடம் யாருக்கும் வாக்குக் கொடுக்கிறவர் இல்லை. அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மருந்தறைக்குள் போனார்.

சிஸ்டர் சகாலா அந்தப் பிரிவின் பொறுப்பாளர். கதவு நிறைய இருந்தார். என் பெயரைக் கேட்டதும், "ஜெரேயா, நம்ம ங்கோனிப் பையன். இந்தக் குரங்கு தின்னிக்கிட்ட எப்படிடா மாட்டினே?" என்று கேட்டார். அந்தக் கேலியிலும் ஜீவன் இல்லை. கண்கள் வீங்கியிருந்தன. பெட்டி அவர் பொறுப்பில் இருந்தது.

"நேத்து சாயங்காலம் என் கண்ணால பாத்துட்டுத்தான் நோயாளிங்களுக்குக் கட்டு மாத்தப் போனேன். அப்புறம் வீட்டுக்குப் போயிட்டேன். காலையில வந்து பாத்தா இல்ல."

"ராத்திரி இருந்த நர்ஸு?"

"அவ மருந்தறைப் பக்கமே வரலையாம். சாயங்காலத்துலருந்து கரண்ட் வேற இல்ல. எல்லாரும் டார்ச் வெளிச்சத்துல நோயாளிங்ககூடவே இருந்திருக்காங்க."

"வேத்தாள் யாராவது வந்தாங்களா?"

"ஒருத்தரும் வரல."

"பெட்டியைப் பத்தி யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல மேடம். சொல்லியிருந்தா நான் இப்படி அழுதுட்டு நிப்பேனா?"

மேடம் மேசையைப் பார்த்தார். அதில் விரித்திருந்த பழைய செய்தித்தாளில் நான்கு இடங்களில், செங்கல் அளவுக்கு, தாள் நனைந்து சுருங்கிக் காய்ந்திருந்தது.

"இங்க என்ன வெச்சிருந்தீங்க?"

சிஸ்டர் குனிந்து பார்த்தார். ஃப்ரீசரைத் திறந்தார். "ஐஸ் பேக் நாலையும் காணோம். குளிர்ப்பெட்டிக்குள்ள அடுக்கறது. அந்தக் குளிர்ப்பெட்டியையும் காணோம்."

"ஃப்ரீசர்லருந்து எடுத்து, வேர்த்து வழியற வரைக்கும் மேசையில வெச்சிருந்திருக்கான்," என்றார் மேடம்.

"அப்படித்தான் செய்யணும்," என்றார் டாக்டர். "கல்லு மாதிரி இருக்கிற ஐஸை நேரா அடுக்கினா மருந்து உறைஞ்சிடும். உறைஞ்சா வீண். தடுப்பூசி போடப் போறவங்க எல்லாருக்கும் இது பாலபாடம்."

"ஜெரே, நீ திருடன்னு வெச்சுக்குவோம்."

"வெச்சுக்கறதுல உங்களுக்கு என்ன ஒரு சந்தோஷம் மேடம்."

"பெட்டியைத் தூக்கிட்டு ஓட வேண்டியவன், ஐஸ் வேர்க்கட்டும்னு பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்திருப்பியா?"

"பக்கத்து அறையில இவ்வளவு பெரிய சிஸ்டர் இருக்கும்போது நான் ஐஸே எடுத்திருக்க மாட்டேன்."

மேடம் ஃப்ரிட்ஜைத் திறந்தார். உள்ளேயிருந்து ஜில்லென்று காற்று வந்தது, விளக்கும் எரிந்தது. ஊசி மருந்துகளுக்குப் பின்னால், கம்பித் தட்டின் மூலையில், உறை பிரித்த பாதிச் சாக்லேட் ஒன்று இருந்தது. மேடம் அதை எடுக்கப் போனார். வரவில்லை. சாக்லேட் இளகி, கம்பிகளுக்கு நடுவே இறங்கி, அப்படியே தொங்கியபடி கெட்டியாகியிருந்தது.

"இது யாரோடது?"

சிஸ்டர் சகாலா கூரையைப் பார்த்தார். டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். மருந்து ஃப்ரிட்ஜில் தின்பண்டம் வைக்கக் கூடாது என்று கதவிலேயே ஒட்டியிருந்தது.

"ஒரு நோயாளி அன்பளிப்பாக் குடுத்தது," என்றார் சிஸ்டர்.

"கடிச்சதும் நோயாளியா?" என்று கேட்டேன்.

"நேத்து மத்தியானம் வெச்சேன். அப்போ உருகாம கட்டியாத்தான் இருந்தது," என்று ஒப்புக்கொண்டார்.

மேடத்தின் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. ஒரு பொய் கையும் களவுமாகச் சிக்கும்போது வருகிற சிரிப்பு. ஆனால் இந்த முறை சிக்கியது ஃப்ரிட்ஜ்.

"இந்தச் சாக்லேட் உருகணும்னா உள்ளே எவ்வளவு வெக்கை இருந்திருக்கணும்? உங்க ஃப்ரிட்ஜ் நேத்து கரண்ட் போனதுமே செத்துப்போச்சு. விடியறதுக்குள்ள கரண்ட் வந்ததும் எழுந்து உக்காந்து, ஒண்ணும் தெரியாத மாதிரி ஜில்லுன்னு நிக்குது."

"இதுக்குத் தனியா பேட்டரி இருக்கே," என்று டாக்டர் பின்பக்கம் குனிந்தார். பேட்டரியைத் தட்டினார், ஒயரை ஆட்டினார், பச்சை விளக்கு எரியவில்லை. நிமிர்ந்தபோது அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது. "அப்போ பெட்டி இங்கேயே இருந்திருந்தா..."

"மருந்து பாழாப் போயிருக்கும். எடுத்தவன் திருடன் இல்ல டாக்டர். ஃப்ரிட்ஜ் செத்ததைப் பாத்து, பொறுமையா ஐஸை வேர்க்க வெச்சு, உங்க மருந்தைக் காப்பாத்தியிருக்கான்."

"அப்போ காப்பாத்தினவன் ஏன் வாயைத் திறக்கல?" என்றேன்.

"அது மட்டும் தெரிஞ்சா வீட்டுக்குப் போயிடலாம்," என்றார் மேடம்.

வாசல் காவலாளியிடம் போனோம். படுக்கை விரிப்புகள் காணாமல் போனதிலிருந்து அவர் ஒரு பையையும் திறக்காமல் வெளியே விடுவதில்லை. பிஷப்பின் கைப்பையையே திறந்தேன் என்று பெருமையாகச் சொன்னார். குளிர்ப்பெட்டி எதுவும் வாசலைத் தாண்டவில்லை. அதாவது, அது வளாகத்துக்குள்ளேயே இருந்தது.

"கரண்ட் போனாலும் ஜெனரேட்டர்ல ஓடற இடம் எது எது?" என்று மேடம் டாக்டரைக் கேட்டார்.

"தீவிர சிகிச்சை, ஆபரேஷன் தியேட்டர், ரத்த வங்கி."

மூன்றுக்கும் போனோம். தீவிர சிகிச்சையில் இன்சுலினைத் தவிர ஒன்றும் இல்லை. தியேட்டரில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். என் சாக்ஸில் இருந்த ஓட்டையைப் பார்த்து ஒரு நர்ஸ் சிரித்ததுதான் அங்கே கிடைத்த ஒரே துப்பு. ரத்த வங்கிக்காரர் நாங்கள் கேட்ட கேள்வியிலேயே கோபித்துக்கொண்டு, ஒவ்வொரு அலமாரியையும் தானே திறந்து காட்டி, மன்னிப்புக் கேட்க வைத்தார்.

நிழல்கள் கிழக்கே நீள ஆரம்பித்துவிட்டன. டாக்டர் நிமிஷத்துக்கு ஒரு தடவை வெளியே எட்டிப் பார்த்தார், சூரியனை யாராவது தூக்கிக்கொண்டு போகிறார்களா என்று பார்ப்பது போல.

"எனக்கு இந்தச் சாக்லேட் கதையெல்லாம் வேண்டாம் மேடம்," என்றார் கடைசியில். "சந்தைக்குப் போங்க. மருந்து விக்கிற தரகர்களைப் பிடிங்க. எவனாவது வாங்கியிருப்பான்."

மேடத்துக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் கையில் வேறு ஒன்றும் இல்லை. ராய்ட் வராந்தாவில் நின்றான். கேட்பதற்கு வாயெடுத்து, மேடத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே திரும்பிப் போனான். எண்ணெய் சிந்தியதற்கெல்லாம் ஒரு மனுஷி சாகக் கூடாது.

காரை நோக்கி நடந்தோம்.

"மேடம், பின் டயர்ல காத்து இல்ல," என்றேன்.

"உன் மண்டையில இருக்கிறது மட்டும் என்னவாம்?"

"நிஜமாத்தான். டயர் சப்பையா இருக்கு."

"எலிக்கு எங்கடா டயர் தெரியும். ஏறு."

ஏறினேன். மேடம் வண்டியைக் கிளப்பினார். வண்டி டொம், டொம், டொம் என்று மூன்று தடவை குதித்து நின்றது.

மேடம் இறங்கி டயரைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் பயந்துபோனேன்.

"ஜெரே, டயர் சப்பைன்னு நீ சொன்னே."

"ரெண்டு தடவை."

"நான் ஏன் நம்பல?"

"இது என்ன கேள்வி. நான் ங்கோனி, நீங்க பெம்பா. போன வாரம் உங்க கார் தீப்பிடிச்சிடுச்சுன்னு சொன்னேன். அதுக்கு முன்னாடி உங்களுக்குப் பதவி உயர்வு குடுத்துப் போலீஸ்ல திரும்பக் கூப்பிடறாங்கன்னு சொன்னேன். நமக்குள்ள எவன் எப்போ உண்மை பேசினான்?"

"நீ சொன்னது என் காதுல விழுந்தது. ஆனா நீ சொன்னதா நான் கணக்கே வைக்கல. இப்போ யாராவது வந்து, ஜெரே டயரைப் பத்தி ஏதாவது சொன்னானான்னு கேட்டா, இல்லேன்னு சத்தியமே பண்ணியிருப்பேன்."

சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து ஓடினார். மேடம் ஓடி நான் பார்த்ததில்லை. பார்க்கக் கூடிய காட்சியும் இல்லை. ஆனால் நான் பிடிக்க முடியவில்லை.

சிஸ்டர் சகாலா பூப்பேயின் நெற்றியில் ஈரத் துணி போட்டுக்கொண்டிருந்தார். மேடம் மூச்சிரைக்க அவர் முன்னால் நின்றார்.

"சிஸ்டர், காலையில நான் தப்பாக் கேட்டுட்டேன். நேத்து உங்ககிட்ட எந்தப் பெம்பாக்காரன் கேலி பேசினான்?"

"கேலியா? அது தினமும் இருக்கிறதுதானே. சிஷிம்பா டாக்டர் வந்தாரு."

"யாரு அவரு?"

"பிரேதப் பரிசோதனை டாக்டர்," என்றார் முபிட்டா. "காயத்துலருந்து எடுத்த மாதிரிகளைப் பாக்கறதும் அவர்தான். தினமும் இங்க வருவாரு. இன்னிக்கு ஊருக்குப் போயிருக்காரு, மாமா இறந்துட்டாராம். அவரு என்ன வேத்தாளா?"

"அதான்," என்றார் மேடம். "வேத்தாள் யாரும் வரலேன்னுதானே சொன்னீங்க. சிஸ்டர், அவர் என்ன சொன்னாரு? வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்க."

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்தது, பழக்க தோஷத்தில். "நான் குனிஞ்சு கட்டுப் போட்டுட்டிருந்தேன். வாசல்லருந்தே சொன்னாரு, 'ஏய் சகாலா, உன் மருந்துப் பெட்டியை நான் திருடிட்டேன். பிணவறையில என் ஆளுங்களோட படுக்க வெச்சிருக்கேன். காலையில ரெண்டு கோழி கொண்டுவந்து மீட்டுக்கோ' ன்னு..."

சிஸ்டரின் கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று மேடம் மெதுவாகக் கேட்டார்.

"சரி குரங்கு தின்னி, காலையில கோழியோட வரேன், அதுக்குள்ள நீயும் அங்கேயே ஒரு இடம் பாத்துப் படுத்துக்கோன்னு சொன்னேன்."

டாக்டர் முபிட்டா அருகிலிருந்த கட்டிலைப் பிடித்துக்கொண்டார். "இதை ஏன் சிஸ்டர் என்கிட்ட சொல்லல?"

"எதைன்னு சொல்லுவேன் டாக்டர்? போன வாரம் என் புருஷனைச் சந்தையில நல்ல விலைக்கு வித்துட்டேன்னாரு. அதுக்கு முந்தின வாரம் நான் செத்துட்டேன்னு எனக்கே வந்து துக்கம் விசாரிச்சாரு. இது பேச்சுன்னே எனக்குத் தோணல."

"பிணவறைக்கு ஜெனரேட்டர் இருக்கா?" என்றார் மேடம்.

"தனி ஜெனரேட்டரே இருக்கு," என்றார் டாக்டர், கொஞ்சம் வெட்கத்தோடு. "ஆஸ்பத்திரியிலயே நல்ல ஜெனரேட்டர் அதான். ஒரு பெரிய இடத்துச் சாவு வந்தப்போ போட்டது. நீங்க கேட்டப்போ எனக்கு நோயாளிங்க இருக்கிற இடம்தான் ஞாபகம் வந்தது."

நாங்கள் நாலு பேரும் பிணவறைக்கு ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, வழியில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார்.

பிணவறைக் காப்பாளர் வாசலில் நாற்காலி போட்டு நிலக்கடலை தின்றுகொண்டிருந்தார். "யாரைப் பாக்க வந்திருக்கீங்க?" என்று வருத்தமான குரலில் கேட்டார். தொழில் குரல்.

"மூணு பேரை," என்றேன். "ரொம்பச் சின்ன ஆளுங்க. ஒரே பெட்டியில வந்தவங்க."

அவர் முகம் மலர்ந்தது. "சிஷிம்பா டாக்டர் வெச்ச பெட்டியா? காலையிலருந்து காத்துட்டிருக்கேன். கோழி எங்க?"

"கோழியா?"

"ரெண்டு கோழி வரும், வாங்கிட்டுக் குடுன்னு டாக்டர் சொல்லிட்டுப் போனாரு. கோழி இல்லாம கதவைத் தொறந்தா நான் என்ன பெம்பா?"

சிஸ்டர் சகாலா என்னைத் தாண்டி முன்னால் போனார். "உன் டாக்டர் திரும்பி வந்ததும் அவர் வாசல்ல ஆட்டையே கட்டறேன். அங்க ஒரு பொண்ணு செத்துட்டிருக்கா. இப்போ தொறக்கறியா, இல்ல கதவோட சேத்து உன்னையும் தூக்கி வைக்கட்டுமா?"

கேலிமுறையில் எது கேலி, எது இல்லை என்பது அந்தக் காப்பாளருக்கு ஒரே பார்வையில் புரிந்தது. கடலை சிதற எழுந்து திறந்தார்.

கீழ்த்தட்டில், யாரும் படுத்திராத ஒரு அறையில், நீலக் குளிர்ப்பெட்டி தனியாக உட்கார்ந்திருந்தது. சுற்றி வெள்ளைத் துணி போர்த்தி, மேலே சுத்தமான ஒரு ஆஸ்பத்திரி விரிப்பு வேறு. டாக்டர் முட்டி போட்டு மூடியைத் திறந்தார். மூன்று குப்பிகளும் நின்றுகொண்டிருந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. உள்ளே வைத்திருந்த வெப்பமானியைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரியா இருக்கு. ஒரு இம்மி கூட ஏறல, இறங்கல."

"உங்க ஆஸ்பத்திரியில ஒழுங்கா கவனிப்பு கிடைக்கணும்னா செத்துத்தான் போகணும் போல," என்றேன். டாக்டர் முபிட்டா சிரித்தார். லோசிக்காரர் எங்கள் கேலிக்குச் சிரித்தால் அது சபையேறிய மாதிரி.

வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே சொட்டுச் சொட்டாக மருந்து ஏற ஆரம்பித்தது. ராய்ட் விசிறுவதை நிறுத்தி, குழாயில் இறங்குகிற ஒவ்வொரு சொட்டையும் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் உதடு அசைந்தது. ஜெபமா, எண்ணிக்கையா தெரியவில்லை.

அப்போதுதான் சிஸ்டரின் போன் அடித்தது. சிஷிம்பா டாக்டர், வடக்கே எங்கோ ஒரு கறையான் புற்றின் மேல் ஏறி நின்று சிக்னல் பிடித்திருந்தார்.

"என்ன சகாலா, கோழி குடுத்தியா?"

சிஸ்டர் கொடுத்ததை இங்கே எழுத முடியாது. அடுத்த அறையில் ஒரு குழந்தை விழித்துக்கொண்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த மனுஷர் அப்பாவியாகச் சொன்னார்: "ஃப்ரிட்ஜ் செத்திருந்தது, எடுத்தேன். எடுத்ததை உன்கிட்ட நேராச் சொன்னேன். எங்கே இருக்குன்னும் சொன்னேன். நீயும் சரி, காலையில வரேன்னே. இதுக்கு மேல ஒரு மனுஷன் எப்படித்தான் சொல்லுவான்?"

மேடம் போனை வாங்கினார். "டாக்டர், நானும் பெம்பாதான். அடுத்த தடவை உண்மை சொல்றதா இருந்தா, ஒரு லோசிக்காரரைப் பிடிச்சுச் சொல்லுங்க."

வேலை முடிந்த இடத்துக்கு மறுநாள் போவது எங்கள் தொழிலில் வழக்கம் இல்லை. ஆனாலும் மறுநாள் காலை, சந்தையில் ஒரு தரகரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கிளம்பிய மேடம், வண்டியை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினார். நானும் வழி தவறுகிறது என்று சொல்லவில்லை.

தீக்காயப் பிரிவில் டாக்டர் முபிட்டா கட்டில் காலடியில் நின்றார். ராய்ட் சுவரோடு சுவராக ஒட்டியிருந்தான். இரவு காய்ச்சல் இறங்கியது என்று டாக்டர் மேடத்தின் காதில் சொன்னார். நிஜமாகவே இறங்கியதா, சாகப் போகிற உடம்பு ஓய்ந்து குளிர்ந்ததா என்று இன்னும் அவருக்கே தெரியவில்லை. அவள் கண் விழித்து ஆளைக் கண்டுகொள்ள வேண்டும். சிஸ்டர் சகாலா குனிந்து பூப்பேயின் கைக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒட்டியிருந்த துணியில் உப்பு நீரை விட்டு விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக.

"மெதுவா."

குரல் காய்ந்த இலை மாதிரி இருந்தது. எங்கிருந்து வந்தது என்று முதலில் எனக்குப் புரியவில்லை.

"மெதுவாப் பிரி, எலி தின்னி," என்றாள் பூப்பே, சிஸ்டரின் முகத்தை நேராகப் பார்த்து. "இது என் கை. உங்க ஊர் எலித்தோல் இல்ல."

ராய்ட் சுவரை விட்டுக் கட்டிலருகே வந்தான். சிஸ்டர் சகாலாவின் கை நின்றது. இந்தப் பிரிவுக்கு வந்த முதல் நாள், பெம்பாக்காரியான பூப்பே அவரை வாய் ஓயாமல் கேலி செய்தாளாம்; பிறகு ஒரு நாள் அடங்கிப்போனாளாம்; தினமும் சிஸ்டர் அவள் காதருகே குனிந்து குரங்கு தின்னி, குரங்கு தின்னி என்று கூப்பிட்டுப் பார்த்தும் பதிலே வரவில்லையாம். இதெல்லாம் டாக்டர் எங்களுக்குப் பிறகு சொன்னது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பெரிய முகம் முழுக்க கண்ணீர் வழிந்ததுதான்.

சிஸ்டர் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"சரியாக் காதுல விழல," என்றார். "இன்னொரு தடவை சொல்லு."

பூப்பே சொன்னாள்.